என் பெயருக்கு வந்த கவர்

கல்யாண மண்டபத்துல மொத்தம் எட்டு ஃபேன். அதுல சுத்துனது ரெண்டு. அந்த ரெண்டுக்கும் கீழ ஹெட்மிஸ்ட்ரஸும் கரஸ்பாண்டென்ட் குடும்பமும் ஒக்காந்திருந்தாங்க. மீதி நாப்பது டீச்சரும் புடவைத் தலைப்பால விசிறிக்கினு இருந்தோம். திண்டிவனத்துல ஆடி மாசக் காத்து வெளியிலதான் அடிக்கும், மண்டபத்துக்குள்ள வராது.

அந்தப் புழுக்கத்துல ஒரு மனுஷன் கோட்டு போட்டுக்கினு மேடையில நின்னார். கையில ஒரு கட்டு வெள்ளைக் கவர். ஆளுக்கு ஒண்ணு குடுத்தார். உங்க வீட்டு அட்ரஸை உங்க கையாலயே எழுதுங்கன்னு சொன்னார்.

எழுதுனேன். எச்சில் தொட்டு ஒட்டுனேன். மேடைக்குக் கீழ வச்சிருந்த அட்டைப் பொட்டியில கொண்டுபோய்ப் போட்டேன். லெமன் சாதப் பொட்டலம் குடுத்தாங்க, அதையும் வாங்கிச் சாப்பிட்டேன். எனக்கு அப்ப ஒண்ணுமே ஒறைக்கல.

நான் வீட்டை வுட்டு வந்த கதையை இந்தத் தொடர்ல எழுதி மூணு வாரம் ஆவுது. என் வீட்டுக்காரர் விழுப்புரத்துக்கு வந்து தெருமுனையில நின்னது, பெரியவங்க ஒக்காந்து பேசுனது, எல்லாத்தையும் எழுதிட்டேன். ‘ஆனா அன்னிக்கு ஏன் கிளம்புனீங்க, அதைச் சொல்லவே இல்லியே’ன்னு நாலஞ்சு பேர் கேட்டு எழுதியிருக்காங்க. வேணும்னுதான் தாண்டிப் போனேன். அந்தக் கவரைச் சொல்லாம அதைச் சொல்ல முடியாது.

அனுப்புநர், பெறுநர்

நான் அப்ப திண்டிவனத்துல ஒரு பிரைவேட் ஸ்கூல்ல எல்கேஜி மிஸ். சனிக்கிழமை லீவு கெடையாது, எல்லாரும் ட்ரெயினிங்குக்கு வரணும்னு சர்க்குலர் வந்துச்சு. பேனர்ல ‘வாழ்க்கையில் இலக்கு, இலக்கில் வாழ்க்கை’ன்னு போட்டிருந்துச்சு. யார் யோசிச்சாங்களோ.

ட்ரெயினர் சார் பேசுனது நல்லாதான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. மனசுல வச்சிருக்கறது வெறும் ஆசை, எழுதி வச்சாத்தான் இலக்குன்னார். ‘நல்லா இருக்கணும்’னு எழுதாதீங்க, அதை யார் வேணா எழுதலாம், எங்க, என்ன, எப்பன்னு எழுதுங்கன்னார். தேதி போடணும். ஏற்கெனவே நடந்து முடிஞ்ச மாதிரி எழுதணும். கடைசியா, நாளைக்கே செய்யக்கூடிய முதல் படி ஒண்ணு எழுதணும். அவ்ளோதான்.

நாங்க குனிஞ்சு எழுத ஆரம்பிச்சோம். சார் ஒரு சுத்து வந்து பாத்தார். சிரிப்பை அடக்க முடியல அவரால. மண்டபத்துல பாதிப் பேர் ‘அனுப்புநர், பெறுநர்’னு ஆரம்பிச்சிருக்கோம். லீவு லெட்டரும் மனுவும் தவிர வேற எதையும் எழுதிப் பழகாத ஜனம் நாங்க. நான் இன்னும் கொஞ்சம் மேல போயி, ‘பொருள்: எனது இலக்கைத் தெரிவித்தல் சார்பாக’ன்னு போட்டு, ‘ஐயா, வணக்கம்’ வரைக்கும் வந்துட்டேன்.

“யார்கிட்ட மேடம் பர்மிஷன் கேக்கறீங்க?”ன்னார்.

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா உள்ள சுருக்குன்னுச்சு. புதுப் பேப்பர் ஒண்ணு குடுத்தார். அந்தச் சுருக்கு அடங்கறதுக்குள்ள எழுதுனதுதான் இந்த நாலு வரி:

‘தீபாவளிக்குள் நான் விழுப்புரத்தில் ஒரு வாடகை வீட்டில் தனியாக வசிக்கிறேன். காலையில் நானாக எழுந்திருக்கிறேன். நான் எத்தனை மணிக்கு வந்தேன் என்று யாரும் கேட்பதில்லை. முதல் படி: வீடு விசாரிப்பது.’

படிச்சுப் பாத்தேன். என் கையெழுத்துதான். அப்படி ஒரு நெனப்பு எனக்குள்ள இருந்ததே எனக்குத் தெரியாது. மடிச்சிக் கவருக்குள்ள வச்சிட்டேன்.

கவர் மேல எழுதறதுக்கு யோசிக்கவே இல்ல. ரேஷன் கார்டுல இருந்து பேங்க் பாரம் வரைக்கும் எழுதி எழுதி கை தானா போவும். செ. கலா, க/பெ. செல்வம், செல்வம் மோட்டார் காயில் கடை, கூட்டேரிப்பட்டு கூட்டு ரோடு.

ஆறு மாசம் கழிச்சு இந்தக் கவர் உங்களைத் தேடி வரும், அன்னிக்குப் பிரிச்சுப் பாருங்க, நீங்களே ஆச்சரியப்படுவீங்கன்னு சொல்லி முடிச்சார் சார். எல்லாரும் கை தட்டுனோம்.

கடை வாசல்ல பஸ்

திரும்பி வர்றப்ப ஜன்னலோரம் எடம் கெடைச்சுது. கூட்டு ரோட்டுல பஸ் நிக்கவும் தூக்கக் கலக்கத்துல தலையைத் தூக்கி வெளிய பாத்தேன். ‘செல்வம் மோட்டார் காயில் கடை’ன்னு போர்டு. அதுக்குக் கீழ என் வீட்டுக்காரர் ஒக்காந்து, ஒரு கெணத்து மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுத்திக்கினு இருந்தார்.

அப்பத்தான் ஒறைச்சுது. படிக்கட்டுல கால் வைக்கறப்ப கண்டக்டர், பாத்து எறங்குங்க மிஸ், மயக்கமான்னு கேட்டார்.

எங்க ஊர் கூட்டு ரோட்டுல இருந்து உள்ள நடக்கற தூரம். அங்க வீட்டுக்கு நம்பர் கெடையாது. எங்க தெருவுக்கு வர்ற தபால் எல்லாத்தையும் போஸ்ட்மேன் எங்க வீட்டுக்காரர் கடையிலதான் போட்டுட்டுப் போவார். எனக்கு வர்றதை அவர் பிரிச்சுப் படிச்சிட்டுத்தான் எங்கிட்ட குடுப்பார். எங்க அக்கா அனுப்புற காதுகுத்துப் பத்திரிகையைக்கூட பிரிச்ச கவர்லதான் நான் பாத்திருக்கேன். அப்படிப்பட்ட ஆளுக்கு, அவர் பேரையும் அவர் கடைப் பேரையும் போட்டு, என் கையால நான் லெட்டர் எழுதி அனுப்பிட்டு வந்திருக்கேன்.

சத்தம் போடாத மனுஷன்

குடிகாரர்னு நெனச்சிக்காதீங்க. ஒரு சொட்டு தொட மாட்டார். தொழில்ல கெட்டி. மயிலம் பக்கம் பத்து ஊர் கெணத்து மோட்டாரும் அவர் கைதான். யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன்னு சொல்லுவாங்க. எங்கம்மாவே சொல்லும்.

குரலை ஒசத்தவே மாட்டார். அதான் எனக்கு பயம். என் பஸ் நாலு அம்பதுக்கு வரும். அஞ்சு அஞ்சுக்கு நான் வீட்டுல இருக்கணும். பஸ் லேட்டுன்னு சொன்னா சரின்னு கேட்டுக்குவார். அப்பறம் அதே பஸ்ல வந்த வேற யாரையாவது விசாரிச்சு வச்சிக்குவார். என் போன்ல யார் யார் கூப்பிட்டாங்கன்னு தெனம் பாப்பார். கை வச்சது ரெண்டு தடவைதான். ரெண்டு தடவையும் எங்க பொண்ணு மதி ஸ்கூல் போயிருக்கற நேரமா பாத்து, கதவைச் சாத்தி, டிவி சவுண்டை ஏத்தி வச்சிட்டு, நிதானமா.

ஒரு சமயம் பி.எட். அப்ளிகேஷன் வாங்கி நிரப்பி, அரிசி டப்பாவுக்குக் கீழ வச்சிருந்தேன். ஒருநாள் காலையில குளிக்கப் போறேன், வெந்நீர் அடுப்பாண்ட ஒக்காந்து அவர் ஒவ்வொரு தாளா உள்ள போட்டுக்கினு இருக்கார். என் போட்டோ ஒட்டுன பக்கத்தைக் கடைசியா போட்டார். தண்ணி சூடாயிடுச்சு, போய் குளின்னார். நான் அந்தத் தண்ணியிலதான் குளிச்சேன்.

அன்னிக்கு சாப்பிடறப்ப பொதுவா சொன்ன மாதிரி சொன்னார், “உனக்கு வீட்டுல கவனம் இல்லன்னா மதியை அனந்தபுரத்துல எங்க அக்கா வூட்டுல வுட்டுடறேன். அங்கயே படிக்கட்டும்.” செய்யக்கூடிய ஆளு. காலேஜுக்கு ஆசைப்பட்டதுக்கே அது. தனி வீடுன்னு எழுதுனதைப் படிச்சா என் வேலை போவும், அடுத்த நாளே மதி அனந்தபுரம் போவா. எனக்கு அதுல சந்தேகமே இல்ல.

ஈரக் கை

எழுதறதுன்னாலே எங்க குடும்பத்துக்கு ஒரு கிலி உண்டு. கொஞ்சம் பின்னாடி போய்ட்டு வர்றேன், பொறுத்துக்குங்க.

எங்கப்பா திருவாமாத்தூர் பக்கம் கூலி வேலை செஞ்சவர். சொந்தமா ஒரு காணி கெடையாது. ஒருநாள் நாத்து நட்டுக்கினு இருக்கறப்ப நெலத்துக்காரங்க ரெண்டு பேருக்குள்ள வரப்புத் தகராறு, வெட்டுக் குத்து ஆயிடுச்சு. பாத்தியான்னு போலீஸ்ல கேட்டாங்க, பாத்தேன்னார். ஒரு பேப்பர்ல கைநாட்டு வைக்கச் சொன்னாங்க, வச்சார். அப்பறம் எத்தினியோ வருஷம் விழுப்புரம் கோர்ட்டுக்கு அலைஞ்சார். போற அன்னிக்குக் கூலி போச்சு. ரெண்டு தரப்புக்கும் விரோதி ஆனார். அந்த ரெண்டு பேர் நெலத்துலயும் அப்பறம் வேலைக்கே கூப்பிடல.

நான் ஒண்ணாங்கிளாஸ்ல என் பேரை எழுதக் கத்துக்கினு, அடுப்புக்கரியால வீட்டுச் செவுத்துல பெருசா எழுதி வச்சேன். சந்தோஷப்படுவார்னு பாத்தா, கையைத் தண்ணியில நனைச்சிக்கினு வந்து அழிச்சார். திட்டல. கோவமும் இல்ல. வாசல் பக்கம் யாராவது பாக்கறாங்களான்னு பாத்துக்கினே அழிச்சார்.

அந்த மூஞ்சி எனக்குப் பஸ்ல இருந்து வீட்டுக்கு நடந்து வர்ற வழியெல்லாம் ஞாபகம் வந்துச்சு.

எஸ்தர் போன்

திங்கக்கிழமை மதியம் பாத்ரூமுக்குப் பின்னாடி நின்னுக்கினு எஸ்தர் போன்ல இருந்து ட்ரெயினருக்குப் பேசுனேன். எஸ்தர் மூணாங்கிளாஸ் மிஸ். விழுப்புரத்துல இருந்து தெனம் ரயில்ல வர்றவ. ட்ரெயினிங் அன்னிக்கு என் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தா. அவகிட்ட மட்டும் எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

சார் ரொம்ப ஜாலியா பேசினார். பொட்டி எல்லாம் சென்னைக்குப் போயிடுச்சு மேடம், எத்தினியோ ஸ்கூல் பொட்டி இருக்கு, அதுல உங்களுதை எங்க போய்த் தேடறதுன்னார். ரொம்ப அவசரம் சார்னேன். காத்திருக்கறதுதான் மேடம் இதுல த்ரில்லேன்னு சிரிச்சார். எஸ்தர் போனைப் புடுங்கி அவரை நாலு வார்த்தை கேட்டா. அவர் வச்சிட்டார்.

“சரி, வுடு. ஆறு மாசம் இருக்கு. அதுக்குள்ள போஸ்ட்மேனைப் புடிச்சிக்கலாம்”னா.

அந்த யோசனைதான் என்னை முழுசா மாட்டி வுட்டுச்சு.

போஸ்ட்மேன் அண்ணன்

எங்க போஸ்ட்மேன் நல்ல மனுஷன். டிவிஎஸ்ஸுல வருவார். யார் வீட்டுல எந்தப் புள்ளைக்குக் காய்ச்சல்னு வரைக்கும் தெரியும் அவருக்கு. ஒருநாள் பஸ் ஸ்டாப்புல வழி மறிச்சு, அண்ணே, எனக்கு ஒரு தபால் வரும், கடையில போடாம எங்கையிலயே குடுக்கறீங்களான்னு கேட்டேன். அதுக்கென்னா தங்கச்சின்னார். எனக்கு ஒரு வாரமா எறங்காத சோறு அன்னிக்குத்தான் எறங்குச்சு.

அவர் நல்ல மனசோட நேரா கடைக்குப் போயி, டீ குடிச்சிக்கினே எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்கார், தங்கச்சி ஏதோ லெட்டருக்கு ஆவலா காத்துக்கினு இருக்குதுப்பான்னு.

சாயந்திரம் தோசை ஊத்திக்கினு இருக்கேன். “லெட்டர் ஏதோ வருதாமே”ன்னார். ட்ரெயினிங் சர்டிபிகேட்டுங்கன்னேன். வரட்டும்னு சொல்லிட்டு இன்னொரு தோசை கேட்டார்.

அன்னியில இருந்து அவரும் காத்துக்கினு இருந்தார். தெனம் சாப்பிட ஒக்கார்றப்ப, இன்னிக்கும் உன் சர்டிபிகேட் வரலன்னு சொல்லுவார். சும்மா சொல்றாரா, தெரிஞ்சிக்கினு சொல்றாரான்னு அந்த மூஞ்சியில இருந்து ஒண்ணும் கண்டுபுடிக்க முடியாது. மதி வேற, எங்கம்மாவுக்கு சர்டிபிகேட் வரப்போவுதுன்னு தெருவெல்லாம் சொல்லி வச்சா. ஏழாங்கிளாஸ் அப்ப அவ.

பயத்துல செஞ்ச வேலை

டிவிஎஸ் சத்தம் கேட்டா செய்யற வேலையை வுட்டுட்டு வாசலை எட்டிப் பாப்பேன். கிளாஸ்ல புள்ளைங்களுக்கு ‘அ’ எழுதிக் காட்டறப்ப, மிஸ் உங்க ‘அ’ கோணலா இருக்குன்னு ஒரு வாண்டு சொல்லுச்சு. காலையில எழுந்ததும் இன்னிக்கு வந்துடுமோன்னுதான் மொத நெனப்பு. தலைமுடி கொத்து கொத்தா கொட்டுச்சு. மயிலம் மலைக்குப் போயி முருகன் முன்னாடி நின்னு, அந்தப் பொட்டி எப்படியாவது மழையில நனைஞ்சு போவட்டும்னு வேண்டிக்கினேன். கூட வந்த மதி, என்னம்மா வேண்டிக்கினேன்னு கேட்டா. நீ நல்லா படிக்கணும்னு வேண்டிக்கினேன்னு சொன்னேன்.

தொரத்தி வுட்டா எங்க போய் நிக்கறது? ராத்திரியும் பகலும் இதே யோசனை. என் ஒரிஜினல் சர்டிபிகேட்டு எல்லாம் ஸ்கூல் ஆபீசுல இருந்துச்சு. பிரைவேட் ஸ்கூல்ல வேலைக்குச் சேந்தா அவங்கதான் வாங்கி வச்சிக்குவாங்க. அது பொழைச்சுது. மதியோட பொறப்புச் சான்று, சாதிச் சான்று, ஆதார், இதையெல்லாம் ஒண்ணொண்ணா சாப்பாட்டுப் பையில டப்பாவுக்குக் கீழ வச்சு எஸ்தர்கிட்ட குடுத்தேன். அவ விழுப்புரத்துக்குக் கொண்டுபோயி பீரோவுல வச்சா. ரெண்டு செட் துணியும் அதே வழியில போச்சு. எஸ்தர் வீட்டு மாடியில ஷீட் போட்ட ரூம் ஒண்ணு சும்மா கெடந்துச்சு. அவங்க அம்மா அதுல இருந்த தட்டுமுட்டைக் காலி பண்ணி, தொடைச்சி வச்சாங்க. விழுப்புரத்துல ஒரு ஸ்கூல்ல மிஸ் வேணும்னு எஸ்தர் கேட்டுக்கினு வந்தா.

இலக்குக்காக இதுல ஒண்ணுகூட நான் செய்யல. சத்தியமா சொல்றேன். மொத்தமும் பயத்துல செஞ்சது.

நடுவுல தீபாவளி வந்துச்சு, போச்சு. நான் அங்கேயேதான் இருந்தேன், அதிரசம் சுட்டுக்கினு. எனக்கு அன்னிக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. கவர் வந்தாலும், பாருங்க தேதி தாண்டிப் போச்சு, சும்மா ட்ரெயினிங்குல எழுதச் சொன்னாங்கன்னு சொல்லிடலாம்னு நெனச்சேன்.

சனிக்கிழமை பத்து மணி

பொங்கல் முடிஞ்ச அடுத்த வாரம். சனிக்கிழமை. நானும் மதியும் கீழ ஒக்காந்து மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரிச்சிக்கினு இருந்தோம். காலைப் பத்து மணிக்கு அவர் வீட்டுக்கு வந்ததா சரித்திரமே கெடையாது. வந்தார். கையில கவர். பிரிச்சிருந்துச்சு.

நான் எழுந்திரிக்கல. அப்படியே ஒக்காந்திருந்தேன்.

அவர் சேர்ல ஒக்காந்தார். மதி, உங்கம்மா சர்டிபிகேட் வந்துடுச்சு, கேளுன்னார். நியூஸ் வாசிக்கற மாதிரி நிறுத்தி நிதானமா படிச்சார். தீபாவளிக்குள் நான் விழுப்புரத்தில் ஒரு வாடகை வீட்டில் தனியாக வசிக்கிறேன். நாலு வரியும் படிச்சார். முதல் படியையும் படிச்சார்.

கதவைச் சாத்துவார், டிவியைப் போடுவார்னு பாத்துக்கினு இருந்தேன். அவர் சிரிச்சார். வாய் வுட்டு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சார். அவர் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

“தீபாவளி போயி பொங்கலும் போயிடுச்சே கலா. இன்னும் மல்லாட்டை உரிச்சிக்கினு இருக்க. எங்க போவப் போற நீ?”

எழுந்தார். காலண்டர் மாட்டுன ஆணியில அந்தப் பேப்பரைக் குத்தி மாட்டுனார். வர்றவங்க போறவங்க படிக்கட்டும்னார். ஒரு கை மல்லாட்டை அள்ளிக்கினு கடைக்குப் போயிட்டார்.

உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு மொதல்ல வந்தது நிம்மதிதான். அடிக்கல. மதியை அனந்தபுரம் அனுப்பறேன்னு சொல்லல. சிரிச்சதோட வுட்டார், தப்பிச்சேன்னு இருந்துச்சு. அவமானம்லாம் அப்பறம்தான். அவ்ளோ கேவலமா பயந்து கெடந்தேன் நான்.

திரும்பிப் பாத்தா மதி ஆணிகிட்ட நின்னுக்கினு இருந்தா. அந்தப் பேப்பரைப் படிச்சா. மறுபடியும் மொதல்ல இருந்து படிச்சா. விரலை வச்சு எதையோ தேடற மாதிரி ஒவ்வொரு வரியா பாத்தா. அப்பறம் வந்து ஒக்காந்து மல்லாட்டை உரிச்சா. என் பக்கம் திரும்பல.

என்ன தேடுனான்னு எனக்கு அந்த நிமிஷம் புரிஞ்சுது. ஆறு மாசம் பயந்த பயமெல்லாம் ஒண்ணுமே இல்ல, இதான் பயம். இன்னும் ஒரு மணி நேரம் நான் அந்த வீட்டுல ஒக்காந்திருந்தா அவ அதை நம்பிடுவா. அப்பறம் நான் எத்தினி சொன்னாலும் மாறாது.

“எழுந்திரு மதி. ஸ்கூல் பையை எடுத்துக்க. புஸ்தகம் எல்லாத்தையும் வை”ன்னேன்.

எங்கன்னு அவ கேக்கல.

பஸ் நின்ன எடம்

விழுப்புரம் பஸ் கூட்டு ரோட்டுல நிக்கறதே அவர் கடை வாசல்லதான். அங்க போய் ஏற முடியுமா? ஊருக்குப் பின்பக்க ரோட்டுல ஷேர் ஆட்டோ புடிச்சு திண்டிவனம் போனோம். அங்கேருந்து விழுப்புரம் பஸ். கூட்டு ரோட்டுல நிக்காத பஸ்ஸா பாத்துத்தான் ஏறுனேன். நிக்காதுன்னு கண்டக்டரும் சொன்னார்.

யாரோ ஒரு வயசானவர் எறங்கணும்னு கெஞ்சுனார். டிரைவர் இரக்கப்பட்டு நிறுத்திட்டார். எங்க நிறுத்துவார்? கடை வாசல்லதான்.

நான் முன் சீட்டுக் கம்பிக்குக் கீழ குனிஞ்சிக்கினேன். மதி ஜன்னலோரம் இருந்தா. குனி, குனின்னு அவ பாவாடையைப் புடிச்சி இழுத்தேன். அவ குனியல. நேரா வெளிய பாத்துக்கினு இருந்தா. எனக்குத் தரையில கெடந்த டிக்கெட்டுத் துண்டும் அவ செருப்பும்தான் தெரிஞ்சுது. அந்தப் பெரியவர் ஒவ்வொரு படியா எறங்குனார். அவ ஒரு தடவை அப்பான்னு கூப்பிட்டிருந்தா முடிஞ்சுது. கூப்பிட அவளுக்கு எல்லா நியாயமும் இருந்துச்சு. ஆணியில மாட்டியிருந்த பேப்பர்ல அவளை வுட்டுட்டுப் போனது அப்பா இல்லியே.

பஸ் நவுந்துச்சு. நான் நிமிர்றதுக்கே ரொம்ப நேரம் ஆச்சு.

“அப்பா பாத்தாரா?”

“இல்ல. கம்பி சுத்திக்கினு இருந்தாரு.”

கொஞ்ச தூரம் போனப்பறம் கேட்டா. என்னைப் பாக்காமதான் கேட்டா.

“அதுல நான் இல்லியேம்மா.”

நான் உடனே சொன்னேன், யோசிக்கக்கூட இல்ல. அந்த சார் அப்படித்தான் எழுதச் சொன்னார், ‘நான்’னு மட்டும்தான் எழுதணும், வேற யார் பேரும் வரக்கூடாது, அதான் ரூலுன்னு சொன்னேன். எல்லா மிஸ்ஸும் அப்படித்தான் எழுதுனாங்கன்னேன்.

அவ என் மூஞ்சியைப் பாத்தா. ரூலான்னு கேட்டா. ஆமா ரூலுன்னேன். சரின்னு தலையாட்டிட்டு என் தோள்ல சாஞ்சிக்கினா. விக்கிரவாண்டி தாண்டறதுக்குள்ள தூங்கிட்டா.

இந்த வாரம்

மதி இப்ப காலேஜ் ரெண்டாவது வருஷம். ஹாஸ்டல்ல இருக்கா. இந்தத் தொடரை வாரா வாரம் படிச்சிட்டு போன் பண்ணுவா. ம்மா, ஓவர் பில்டப்பும்பா. அந்தக் கவர் கதையை அவ ஃப்ரெண்ட்ஸுங்ககிட்ட காமெடியா சொல்லுவா: எங்கம்மா ரூலை மீறாத ஆளு, ரூலுன்னு சொன்னதும் பெத்த பொண்ணையே வுட்டுட்டு எழுதிட்டாங்கன்னு. எல்லாரும் சிரிப்பாங்க. கூட இருந்தா நானும் சிரிப்பேன்.

அப்படி ஒரு ரூலை சார் சொல்லவே இல்ல மதி. குடும்பத்தையும் சேத்து எழுதுங்கன்னுதான் சொன்னார். எஸ்தர் அவங்க அம்மா, தம்பி, தம்பி பொண்டாட்டி பேரையெல்லாம் எழுதுனா. நான் எழுதறப்ப உன் ஞாபகம் எனக்கு வரல. ஒரு நிமிஷமோ ரெண்டு நிமிஷமோ, நீ இல்லாத ஒரு வீட்டுல நான் இருந்தேன், நல்லா இருந்துச்சு. ஞாபகம் வந்திருந்தா அந்த நாலு வரியை எழுதியே இருக்க மாட்டேன். லெமன் சாதத்தைச் சாப்பிட்டுட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போயிருப்பேன், நாம ரெண்டு பேரும் இன்னும் அங்கேயே இருந்திருப்போம். இதை மாத்திச் சொல்ல எனக்குத் தெரியல.

இதை உனக்கு நேர்ல சொல்ற தைரியம் இத்தினி வருஷமா எனக்கு வரல. வியாழக்கிழமை இந்தத் தொடர் வர்ற புஸ்தகம் உன் ஹாஸ்டலுக்கு வந்துடும். நீ படிச்சிடுவ. அப்பறம் போன் பண்ணுவியா மாட்டியான்னு எனக்குத் தெரியல. எனக்கு ரொம்ப பயமா இருக்கு.